ஒன்பது நாள் வானிலை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளைத் தெருவில் எல்லோரும் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறையில் கணவர் கண் சோதிப்பார். பின்னறையில் இவள் ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்துவாள். நல்ல வெயில் நாளில் இவள் குடை பிடித்துக்கொண்டு வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு தடவை கேட்டவர் வாங்கிக்கட்டிக்கொண்டதே தெருவுக்குப் போதுமானதாக இருந்தது.

கடை திறக்க அரை மணி நேரம் இருக்கும்போதே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அதில் நாற்பத்தொரு செய்தித் தளங்களின் ஆர்.எஸ்.எஸ். ஃபீடுகள் இருந்தன. கண்ணாடி மாற்ற வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் காட்டிக்கொடுத்த வித்தை அது. ஃபீடின் முகவரியை ரீடர் என்கிற செயலியில் ஒருமுறை போட்டுவிட்டால், அந்தத் தளத்தில் புதிதாக எது வந்தாலும் தானாக இங்கே வந்து சேர்ந்துவிடும். நாம் தளத்துக்குப் போகவே வேண்டாம். குறுக்கே துள்ளும் விளம்பரம் இல்லை, இதைப் படி அதைப் படி என்று நாட்டாமை பண்ண ஆளும் இல்லை.

எங்கோ ஒரு பாலம் திறந்தார்கள். எங்கோ நீதிமன்றக் கடிகாரம் நின்றுபோயிற்று. எங்கோ கப்பலிலிருந்து விழுந்த பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. தேய்த்து அடுக்கிய லென்ஸ்கள் வழியே காலை வெளிச்சம் சுவரில் வட்டம் வட்டமாக விழ, அந்த ஊர்களிலெல்லாம் தானே நடந்துபோவது போல அவளுக்கு இருக்கும். கணவர் கூப்பிட்டால் காதில் விழாது.

ஆனால் நாற்பது ஃபீடும் ஒப்புக்குத்தான். விஷயம் நாற்பத்தொன்றாவதில் இருந்தது. தூரத்துத் துறைமுக ஊர் ஒன்றின் சின்னச் செய்தித் தளத்தில் தினமும் வானிலைப் பகுதி எழுதுகிறவள் இவளுடைய தங்கை.

ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு அந்தத் தளத்தில் சேரப்போவதாகத் தங்கை சொன்ன அன்று, அக்கா வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டாள். "நீ எழுதுறத எவன் படிக்கப் போறான்?" தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதமே அக்கா படிக்க ஆரம்பித்தாள், திருட்டுத்தனமாக. தளத்துக்குள் போனால் பார்வையாளர் கணக்கில் ஏறிவிடும், தங்கைக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு வீம்பு. "அது எண்ணிக்கைய மட்டும்தான் காட்டும், உன் மூஞ்சியக் காட்டாது" என்று கணவர் தலையால் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே! ஃபீடில் படிப்பது அவளுக்குப் பூனை நடை மாதிரி வசதியாக இருந்தது.

தங்கை அழகாக எழுதுவாள். 'மேகம் இன்று பொடிநடையாக வருகிறது. துணியை மத்தியானத்துக்குள் எடுத்துவிடுங்கள்.' அங்கே மழை என்றால் இவள் இங்கே குடையோடு கிளம்புவாள். அங்கே குளிர் என்றால் இங்கே வியர்க்க வியர்க்க ஸ்வெட்டர். பைத்தியக்காரத்தனம்தான்; இல்லையென்று யார் சொன்னது?

பிறகு ஒருநாள் அந்த ஃபீடில் புதிதாக எதுவும் வரவில்லை. கடைசியாக வந்திருந்தது இது: 'நாளை மூடுபனி. எதிரே வருபவர் தெரியாது. மெதுவாகப் போங்கள்.' மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு லென்ஸை உடைத்தாள். ஆறாம் நாள் இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுக்க, வாங்கியவர் வாசற்படியில் தடுமாறினார். ஃபீட் பேசாமல் இருந்தால் எழுதுகிறவர் எழுதவில்லை என்றுதான் அவளுக்குத் தெரியும். மூடுபனியில் தங்கைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மனம் அடித்துக்கொண்டது. பத்தாம் நாள் காலை வீம்பெல்லாம் எங்கோ போய்விட, பின்னறையில் நின்றபடியே போனை எடுத்தாள்.

"யாரு?" என்றது தங்கையின் குரல்.

கண்ணாடியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே உனக்கு?"

"அக்காவா?" தங்கையின் குரல் இறங்கியது. "நல்லாத்தானே இருக்கேன். என்ன ஆச்சு?"

"ஒன்பது நாளா நீ எழுதவே இல்லையேடி."

"தினமும் எழுதுறேனே! சைட்டைத்தான் புதுசா மாத்திட்டாங்க. ஃபீட் முகவரியும் மாறிடுச்சு, பழசுல ஒண்ணும் வராது." தங்கை சட்டென்று நிறுத்தினாள். "இரு. ஒன்பது நாள்னு எண்ணி வெச்சிருக்கியா? எத்தன நாளாப் படிக்கிற?"

பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. "ஆறு வருஷமா."

தங்கை, "எவன் படிக்கப் போறான்னு கேட்ட" என்றாள்.

"கேட்டேன். கேட்டுட்டு நானே படிச்சேன். என்னைத் திட்டணும்னா திட்டிடு."

தங்கை திட்டவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "புது முகவரிய அனுப்புறேன், போட்டுக்க."

"அது கிடக்கட்டும். விட்டுப்போன ஒன்பது நாளையும் இப்ப படிச்சுக் காட்டு."

"பழைய வானிலைய வெச்சு என்னக்கா பண்ணப் போற?"

"படிடீ."

தங்கை படித்தாள். முதல் நாள் மூடுபனி. இரண்டாம் நாள் அது விலகியது. மூன்றாம் நாள் காற்று. கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்தவர்களை முன்னறையிலேயே உட்கார வைத்தார். ஒன்பதாம் நாளுக்கு வந்தபோது தங்கை சொன்னாள், "நேத்து நல்ல மழை. சாயங்காலம் வரைக்கும் விடவே இல்ல."

கண்ணாடியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஐயோ, நேத்து குடை எடுத்துக்காம வந்துட்டேனேடி."

"அங்கயும் மழையா?"

"இல்லடி" என்றாள் அக்கா. "இங்க நல்ல வெயில்."