அம்மாவின் தோளும் சுவரில் பென்சில் கோடுகளும்

முதல் நாள் சிகிச்சை அறையில் அம்மா, நான், பிசியோதெரபிஸ்ட் என மூன்று பேர் இருந்தோம். அப்பா வரவில்லை. மந்தைவெளியில் எங்கள் இஸ்திரி வண்டியில் அம்மாவுக்குப் பதிலாக நின்றிருந்தார். "கைய புடிச்சி ஆட்டறதுக்குத் துட்டா? அத நானே ஆட்டுவேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

அம்மாவின் வலது தோள் இறுகிப்போயிருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தள்ள முடியவில்லை, கொண்டை போடக்கூட முடியவில்லை. அப்பா தன் பெயின்ட் வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் நிற்பார்? வண்டி நிற்கும் அடுக்ககத்தின் செயலாளர், அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

இதில் என் தவறும் உண்டு. தோள் வலிக்கிறது என்று அம்மா முதலில் சொன்னபோது, வீட்டில் படித்தவன் நான்தானே என்று, யாரையும் கேட்காமல் மருந்துக் கடையில் கை தாங்கும் பட்டை வாங்கி வந்து, அம்மாவின் கையைக் கழுத்தோடு ஒன்றரை மாதம் கட்டிவைத்தேன். அசைத்தால் அதட்டினேன்.

இதைச் சொன்னபோது பிசியோதெரபிஸ்ட் என்னைத் திட்டவில்லை. என் வயதுப் பெண்தான் அவர். "பாசத்துலதான் கட்டியிருக்கீங்க. ஆனா இந்த மூட்டு அசையாம இருந்தா இன்னும் இறுகும். மெதுவா இளக்கிடலாம்" என்றார்.

தோளுக்கு ஒத்தடம் வைத்துவிட்டு, அம்மாவின் கையை மெல்ல உயர்த்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல டாக்டரம்மா, பரவால்ல."

வைத்தியம் பார்ப்பவரிடம் வலிக்கிறது என்று சொல்வது, அவர் வேலையைக் குறை சொல்வது போல எங்கள் வீட்டில். பிசியோதெரபிஸ்ட் கையை நிறுத்தினார்.

"வாய் பரவால்லன்னு சொல்லுது, கால் விரல் ஏன் இப்படி மடங்குது? நீங்க சொன்னாதான் எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."

அம்மா சிரித்துவிட்டாள். "வலிக்குதும்மா. உயிரு போவுது."

அதன்பிறகு அந்த வலியின் எல்லைவரை போவதும் திரும்புவதுமாகவே வேலை நடந்தது. வீட்டில் அம்மா விரல்களால் சுவரில் ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட வேண்டும். முதல் இரண்டு வாரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன. "இன்னாடி, பல்லி மாதிரி செவுத்துல ஏறினுகீற?" என்றார் அப்பா. மூன்றாம் வாரம் கோடு ஒரு விரற்கடை ஏறியது. அப்பா பென்சிலைச் சீவி வைத்தார்.

ஒருநாள், அம்மா துணி தேய்த்த பழைய வீடியோ என் போனில் இருக்கிறதா என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட். பார்த்துவிட்டு, "பலகை இவங்களுக்கு ரொம்ப உயரம். ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் காதுகிட்ட போகுது" என்றார். உண்மைதான். வண்டி அப்பாவின் உயரத்துக்குச் செய்தது. பதினோரு வருடமாக எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அன்று சாயங்காலமே அப்பா பழைய மரத்தில் அம்மா ஏறி நிற்க ஒரு மணை அடித்தார்.

மூன்றாம் மாதம் அம்மா தானே கொண்டை போட்டுக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள். செயலாளர் தன் சட்டைகளையே முதலில் கொடுத்தனுப்பினார். பதினாறு தடவை போயிருந்தோம், தடவைக்கு முந்நூற்றைம்பது. அப்பா சொன்ன அந்தக் 'கைய ஆட்டற துட்டு' மொத்தம் ஐயாயிரத்து அறுநூறு ரூபாய்.