பெரிய நீலக் கட்டம்

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு சிம்மக்கல்லில் இருந்த எங்கள் வீடியோ கடையை நான்தான் நடத்தினேன். தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எடிட்டிங் செய்தவர் அவருக்குத் தம்பி மாதிரி. என்னை மதினி என்பார்.

ஆவணி முகூர்த்தத்தில் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது. எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்க ஒரு சாப்ட்வேரைத் திறந்தார். திரை முழுக்க வண்ணக் கட்டங்கள். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறதோ அவ்வளவு பெரிய கட்டமாம். மேட்டிலிருந்து வயலைப் பார்த்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் எனக்கு விளங்கிய ஒரே படம் அதுதான்.

ஓரத்தில் கால்வாசித் திரைக்கு ஒரு நீலக் கட்டம். மேலூர் கல்குவாரி முதலாளி வீட்டுக் கல்யாணம் என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் எடுத்தது. சீடியும் வாங்கிப் போய்விட்டார்கள். வயல் பெரிதென்றால் ஆள் பெரிய ஆள்தானே.

"அண்ணன் இதுக்குப் பேரா ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பரும் போட்டு வச்சிருக்காரு. அழிச்சா திரும்ப வராது மதினி. தொறந்து பாத்துருவோமா?"

"எங்க கடை எனக்குத் தெரியாதா? அழிங்க."

நீலம் போனது.

தை மாதம் எங்கள் மகளின் திதி வந்தது. பதினாறு வயதில் காய்ச்சலில் போனவள். வருடா வருடம் அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளுடைய சடங்கு வீடியோவை அவர் போடுவார். தாய்மாமன் மாலை போடும்போது குனிந்து சிரிப்பாள். அந்த வருடமும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் போடச் சொன்னேன். எடிட்டர் தேடினார், தேடினார், பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஒரு பிள்ளை, அரை நாள் விசேஷம். சின்னக் கட்டமாக எங்காவது இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"கல்யாணத்தையெல்லாம் வெட்டிச் சுருக்கிருவோம் மதினி. அந்த நீலத்துல அண்ணன் ஒரு எடத்துலகூட வெட்டல போல."

படம் பிடித்த கேசட் இருக்குமே என்றேன். கேட்கும்போதே பதில் தெரியும். எங்கள் கடையில் ஒரே கேசட்டில் திரும்பத் திரும்ப எடுப்போம். அவள் மேல் எத்தனை வீட்டுக் கல்யாணம் ஏறியிருக்குமோ.

கட்டங்களை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். நீலம் இருந்த இடத்தில் வேறு கல்யாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அன்றைக்கே கேட்டேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

ஷட்டரை ஏற்றிவிடச் சொன்னேன்.