இரண்டு பையன்களுக்கு ஒரு கன்னியப்பன்

கன்னியப்பனை வாலாஜாபாத்துக்கு அனுப்பியவன் நான்தான். அவருடைய முதலாளி அல்ல. அரிசி மில்காரர் அல்ல. துரைசாமி சத்தியமாக அல்ல. நான்! ஒரு பொய் சொன்னேன், அவர் போனார்.

நீ பெரிய யோக்கியன் என்று நினைத்து உன்னிடம் இதைச் சொல்லவில்லை. எவனிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. நீ அகப்பட்டாய்.

கன்னியப்பன் யார் என்று கேட்பாய். எங்கள் பிள்ளையார்பாளையத்துச் சடுகுடு செட்டுக்கு அவர்தான் முதல் ஆள். பன்னிரண்டு வருஷம் முதல் பாட்டு அவருடையது. வேகவதி ஆற்று மணலில் அவர் பாடிக்கொண்டு எதிராளி எல்லைக்குள் நுழைந்தால் நாலு பேர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்குவார்கள். அந்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு, மூச்சு விடாமல், கோட்டைத் தொடுவார். இது நடந்தபோது அவருக்கு நாற்பது வயது. முட்டி வீங்க ஆரம்பித்திருந்தது.

செட்டை நடத்தியவர் சபாபதி முதலியார். கன்னியப்பன் பட்டு நெய்ததும் அவருக்குத்தான். தறியும் ஆட்டமும் ஒரே மனிதனின் பிடியில்! அந்த ஆபத்து அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

நான் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழை, பிணைக்கிறவன். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால் கடைசியில் கொஞ்சம் இழையை விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய இழையோடு சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அதுதான் என் பிழைப்பு. வீடு வீடாகப் போவேன். எந்தத் தறிக்குப் புதுப் பாவு வருகிறது, எதற்கு வரவில்லை என்பது எனக்குத்தான் முதலில் தெரியும். பாவு வரவில்லை என்றால் அந்த ஆளை முதலாளி கைகழுவுகிறார் என்று ஊரே புரிந்துகொள்ளும்.

ஆகவே காபி கிளப்பில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. தூ! என்ன மரியாதை! அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மணலில் கால் வைத்துப் பழக்கமில்லை. ஆனால் எந்த ஆள் எந்தச் செட்டுக்குப் போகிறான், யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று மாட்டுத் தரகர்களைப் போலப் பேசுவார்கள். நீயும் அங்கே இருந்திருந்தால் பேசியிருப்பாய்... இல்லை என்று சொல்லாதே.

ஐப்பசி மாதம். விடாத மழை. சாயம் தோய்த்த பட்டு காயவில்லை. அதனால் கன்னியப்பன் தறி எட்டு நாளாகச் சும்மா இருந்தது. நடந்தது அவ்வளவுதான்.

"இன்னா ராஜவேலு, முதலாளி வூட்லேருந்து வர்றியே, எதுனா சேதி இருக்குதா?" என்று ஒருவன் கேட்டான்.

மழை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "கன்னியப்பண்ணன் தறிக்கு ஏன் இன்னும் பாவு பிணைக்கலைன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?" என்றேன்.

கிளப் முழுவதும் என்னைப் பார்த்தது. ஐயோ, அந்தப் பார்வையின் ருசி!

"ஆளை அனுப்பறாங்களா? எங்கபா?"

"வாலாஜாபாத்து மில்காரரு அவுருக்குப் பதிலா ரெண்டு பையனுங்களைத் தர்றேன்னாராம். ரெண்டும் இருவது வயசு. காளை மாதிரி இருக்கிறானுங்களாம்."

எங்கிருந்து வந்தது அது? எனக்கே தெரியாது. மில்காரருக்கு ஒரு செட்டு இருந்தது, அது மட்டும் உண்மை. மற்றதை நாக்கு தானாகக் கட்டியது.

"பன்னெண்டு வருஷம் பாடின மனுசனை அனுப்பறதா? அநியாயம்பா!"

"இன்னாயா அநியாயம்? முட்டி வீங்கிக் கெடக்குது. இனிமே அவுரு இன்னா பாடுவாரு, ஒப்பாரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவன் எனக்குக் காபி வாங்கித் தந்தான். குடித்தேன்.

கன்னியப்பன்மேல் எனக்குப் பகை இருந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பகை என்றால் அதில் கொஞ்சமாவது ஆண்மை உண்டு. பகையே இல்லை! எனக்கு அவரைப் பிடிக்கும். நாலு பேர் என் வாயைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல மனிதனை எடுத்து இலையில் வைத்தேன். இது எந்த ரகம்? நீயே சொல்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர் திருப்புட்குழியில் ஒருவன் என் பொய்யை என்னிடமே சொன்னான். அதில் பையன்கள் மூன்று பேராகியிருந்தார்கள்.

அடுத்த வாரம் முதலியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் வந்து இறங்கிய மில்காரர் உள்ளே நுழைந்தார். உட்காரும் முன்பே, "கன்னியப்பனைத் தர்றதா ஊரெல்லாம் பேச்சா இருக்குதே, மெய்தானா? பதிலுக்கு ரெண்டு பையனுங்களைத் தர்றேன்" என்றார்.

முதலியார் விழித்தார். அப்படி ஒரு நினைப்பே அதுவரை அவருக்கு இல்லை! "எந்த மடையன் சொன்னான்?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பன்னிரண்டு வருஷம் தனக்கு மாலை வாங்கித் தந்த மனிதனுக்காக அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

"ரெண்டு பேர்தானா?" என்றார்.

நான் அங்கேயேதான் இருந்தேன். எழுந்து, 'அது நான் கட்டிவிட்ட கதை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? விரலில் சாம்பலைத் தொட்டேன். அடுத்த இழையைப் பிணைத்தேன்.

மறுநாள் முதலியார் என்னைக் கூப்பிட்டார். "கன்னியப்பன் தறிக்கு இனிமே பாவு இல்லை. மீந்த இழையை அறுத்துட்டு வந்துடு."

கத்தியோடு போனேன். கன்னியப்பன் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். நெய்ய ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நீயே அறுக்கிறியாடா?"

"முதலாளி சொன்னாருண்ணே."

"மில்லுல எனக்கு இன்னா வேலையாம்?"

"மூட்டை தூக்கறது... தவிடு அள்றது..."

கையை விரித்துக் காட்டினார். "பட்டுப் புடிச்ச கைடா இது. மூட்டை தூக்கிக் காய்ச்சுப் போச்சுன்னா ஒரு இழை வழுக்கிக்கினு போவுமா இதுல? ஒவ்வொண்ணா மாட்டிக்கினு அறும். திரும்பி வந்தாலும் எவன் எனக்குத் தறி தருவான்?"

அறுத்துக்கொண்டிருந்தேன்.

"யார்ரா இத ஆரம்பிச்சது? முதலாளிக்கு இந்த யோசனை தானா வந்திருக்காது. அந்த மனுசனுக்கு எந்த யோசனையும் தானா வராது."

அந்த நிமிஷத்திலும் ஒரு வழி இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"வாலாஜாபாத்துக்கு வாரா வாரம் யாரு போயிக்கினு வர்றாங்க? நீயே நெனச்சிப் பாருண்ணே" என்றேன்.

துரைசாமி அவருடைய மனைவியின் தம்பி. வாரம் தவறாமல் வாலாஜாபாத் சந்தைக்குத் துண்டு விற்கப் போகிறவன். நான் பெயரைச் சொல்லவில்லை. பார்த்தாயா என் சாமர்த்தியத்தை! பெயரை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் முகம் கறுத்தது. "நீ ஒருத்தன்தான்டா என் மூஞ்சியைப் பார்த்து நெசத்தைச் சொன்னே" என்றார்.

மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் செட்டுக்கு வந்த இரண்டு காளைகளில் ஒன்று, வீட்டு நினைப்பில் அழுது இருபதாம் நாள் ஓடிவிட்டது. மற்றொன்று நன்றாகத் தின்றது. பாடப் போனால் பாதியிலேயே மூச்சு முட்டித் திரும்பியது. "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பாருங்க" என்று முதலியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காபி கிளப்பில் அவனைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள்!

ஒரு வருஷம் கழிந்து வந்த காணும் பொங்கலுக்குப் பாலாற்று மணலில் வாலாஜாபாத் செட்டோடு ஆட்டம். கன்னியப்பன் எங்களை எதிர்த்துப் பாடி வந்தார். பத்தடி வந்திருப்பார். இருமல்! பாட்டு அறுந்தது. வருஷம் முழுக்கத் தவிட்டுத் தூசியை விழுங்கிய நெஞ்சு அது. எங்கள் ஆட்கள் அவரைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. கூட்டம் கைதட்டிற்று. அவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே கூட்டம்... நாய்கள். நானும் அதில் ஒருவன்.

ஆட்டம் முடிந்ததும் துரைசாமி என்னைத் தேடி வந்தான்.

"ராஜவேலு, நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசலைபா. அக்கா என்னை வாசப்படி ஏற விடமாட்டேங்குது. நீ சொன்னா மாமா கேப்பாரு. உன்மேல அவருக்கு அவ்ளோ நம்பிக்கை. ஒரு தடவை சொல்லுபா."

"சொல்றேன்" என்றேன்.

பல தடவை வாலாஜாபாத் போனேன். கன்னியப்பன் எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன். இருமலுக்கு நடுவே பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசினார். கேட்டேன். துரைசாமியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறாவது வருஷம் கன்னியப்பன் செத்துப்போனார். துரைசாமி அக்காளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தான். அந்தப் புடவையை அவன்தான் தர வேண்டும். வேறு தம்பி கிடையாது.

"அவன் கோடி எனக்கு வேணாம். போகச் சொல்லு!" என்று அந்த அம்மாள் உள்ளே இருந்து கத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "ராஜவேலு, நீ தோள் குடுப்பா. கடைசி வரைக்கும் உன்னைத்தான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள்.

கொடுத்தேன். பாடை தெருவில் இறங்கியபோது துரைசாமி எதிர்ச் சாரியில் புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். இடது பக்கம் பிடித்திருந்த எனக்கு அவன் முகம் நேராகத் தெரிந்தது. பக்கத்து ஆளிடம் சொல்லி வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் சுவர்தான்.

துரைசாமி இன்னும் இருக்கிறான். இரண்டு தெரு தள்ளி வீடு. நேற்றுகூட, "இன்னா ராஜவேலு, சவுக்கியமா?" என்று கேட்டான். அவன் அக்காளும் வாலாஜாபாத்தில் இருக்கிறாள். ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

உன்னிடம் சொல்லிவிட்டேன். அவர்களிடம் சொல்லவில்லை... சொல்வேன் என்றும் தோன்றவில்லை.