அக்காவுக்குக் கிடைக்காத பிடிமண்

அக்கா விலைபோய்விட்டார் என்று தோட்டத்து மக்களை நம்பவைத்தவன் நான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களிடம் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தார். அந்தப் படிப்பால் அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியானேன்.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கிறார்கள் என்று தெரிந்ததும், அக்கா வேலை முடிந்து சைக்கிளில் எங்கோ போய்ச் சேற்றுக்காலோடு திரும்பத் தொடங்கினார். லயத்தில் முணுமுணுத்தார்கள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். மம்பாவ் ஊரைத் தாண்டிய பெலுக்காரில், ஆளில்லாப் புதர்க்காட்டில், கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"யாருகிட்டயும் சொல்லாதடா. வெயில் காலத்துலயும் தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு எல்லாரையும் அங்க குடியிருக்கக் கூப்பிடுவோம். பிரிஞ்சு போயிடக் கூடாது."

ஆட்கள் சத்தமில்லாமல் கலைந்துபோனால் எனக்கு ஒரு வீடு என்று நிர்வாகத்தில் ஆசைகாட்டியிருந்தார்கள். ஒருநாள் அக்கா கிணற்றுக்கான பலகைகளோடு, அந்தப் பக்கம் போன, தோட்டத்தை வாங்கியவரின் லோரியில் ஏறிப் போனார்.

"ஒங்க அக்கா யாரு பக்கம், கிராணி?" என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கேட்டார்.

"மொதலாளி லோரில போறவங்க நமக்காகவா போவாங்க?" என்றேன்.

அது போதுமானதாக இருந்தது.

பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோய் வைத்தால்தான் புது இடத்தில் சாமி குடியேறும் என்பது எங்கள் வழக்கம். புறப்படும் நாளில் அக்கா முனீஸ்வரர் முன் முந்தானையை ஏந்தி நின்றார்.

"இதையும் வித்துட்டு வந்து நிப்ப. போம்மா," என்றார் மண்டோர்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவருடன் போனவை நான்கு குடும்பங்கள். மற்றவர்கள் லோபாக்கிலும் அம்பாங்கானிலும் வாடகை வீடுகளில் சிதறிப்போனார்கள். அக்காவின் கிணற்றைச் சுற்றி அந்த நான்கு வீடுகளோடுதான் இந்தக் கம்பம், இந்தச் சிற்றூர், உருவானது. கிணறு ஒருபோதும் வற்றவில்லை. ஆனால் மண் வராத இடத்தில் கோயில் கட்ட ஒருவரும் துணியவில்லை.

வயதான பிறகு, கம்பத்துக் கல்யாணம் ஒன்றில் எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னேன். கோயில் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். அங்கே கால்வாய் ஓரத்தில் மண் எடுத்து, பால் டின்னில் கொண்டுவந்தேன்.

"அந்த எடத்து மண்ணுதான்னு எப்படிலா நம்புறது? அன்னிக்கும் இவருதானே சொன்னாரு," என்றார் அக்காவின் பக்கத்து வீட்டம்மா.



"நானும் நம்புறேன்னு சொல்லல. வச்சிட்டு வா, சாப்பிடு," என்றார் அக்கா.

கிணற்றடியில் வைத்தேன். கடைசிவரை அவர் அதைக் கும்பிடவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை.

நோயில் அக்காவைக் கவனித்த நான்கு குடும்பத்தாருக்கும், அவரைச் சுமந்து சென்றவர்களுக்கும் நன்றி. போன மழையில் அந்த டின்மேல் யாரோ ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். யாரென்று கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. அவருக்கும் என் நன்றி.