எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய மாங்காய்

போன வாரம் புத்தூரில் முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கவருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "ஃபிலிம் எல்லாம் இப்ப தர்றதில்லைங்கம்மா. உங்க போனுக்கு வந்திருக்கும், பாருங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். எக்ஸ்ரே ஃபிலிம் என்றாலே எனக்குப் பெயிண்ட் வாடைதான் வரும். ஏன் என்று சொல்கிறேன். என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தால் இப்போதே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது உறையூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு ஒரு கோடுகூட நேராகப் போட வராது. ஆனால் அட்டையில் அச்சு வெட்டி வைத்து ஸ்பாஞ்சால் பெயிண்டை ஒற்றினால் போதும் என்று ஆபீஸ் தோழி சொல்லிக்கொடுத்துவிட்டாள். பிறகு வீட்டில் அரிசிப் பெட்டியிலிருந்து ஸ்டூல்வரை எதுவும் தப்பவில்லை. சார்ட் அட்டை இரண்டு ஒற்றலில் ஊறிப்போகும். "எக்ஸ்ரே ஃபிலிம்ல வெட்டிப் பாரு, எத்தனை தடவை வேணாலும் கழுவலாம்" என்றாள்.

அண்ணிக்கு அம்மா வீட்டுச் சீராக வந்த மர அலமாரி ஒன்று இருந்தது. அதன் கதவில் மாங்காய் வரிசை போடட்டுமா என்றதும், "நீ போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்று துணிகளை இறக்கிவைத்தார். பரணில் அண்ணனின் ஆஸ்பத்திரிக் கவர் கிடந்தது. எப்போதோ நெஞ்சில் நோய் வந்து குணமானபோது எடுத்த படம். இனி எதற்கு என்று நானே முடிவு செய்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் அண்ணனின் விலா எலும்புகள் கறுப்பாகக் கரைந்து சாக்கடைக்குப் போயின. வெளுத்த ஃபிலிமில் பிளேடால் மாங்காய் வெட்டினேன். பச்சை எனாமல், ஓரத்துக்கு மஞ்சள். தெருவே வந்து பார்த்தது.

மறு வருஷம் அண்ணனுக்கு இருமல் நிற்கவில்லை. புதுப் படத்தில் ஒரு கறை. "பழைய படத்தைக் கொண்டாங்க. பழைய தழும்பா, புதுசான்னு பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

கவர் இருந்தது, படம் இல்லை. அண்ணி அந்த அலமாரியையே மூன்று முறை காலி செய்து தேடினார். நானும் சேர்ந்து தேடினேன். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன். எழுதும்போதே காது சுடுகிறது. "ஒரு படத்தப் பத்திரமா வெக்கத் தெரியல உனக்கு" என்று அண்ணன் என் எதிரிலேயே கத்தினார். "எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டேங்க" என்று அண்ணி அழுதார். மறுநாள் ஆபீஸ் போகிற வழியில், அச்சைத் துண்டுதுண்டாக வெட்டி உய்யக்கொண்டான் வாய்க்காலில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து, கறை அப்படியே இருக்கிறது, பழைய தழும்புதான் என்றார்கள். அந்த ஒரு மாதம் அண்ணி ஒரு வேளைகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வாயைத் திறக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. திட்டு விழும் என்ற பயம், அவ்வளவுதான்.

அண்ணன் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. உறையூர் வீட்டை விற்றுவிட்டு அண்ணி ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட்டுக்குப் போய்விட்டார். அலமாரி லிஃப்டில் நுழையவில்லை என்று கொடுத்துவிட்டு, கதவை மட்டும் கழற்றி ஹால் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் "என் நாத்தனார் போட்டது" என்பார். நான் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டும் நாற்காலியில்தான் உட்காருவேன்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்த அன்று புத்தூரிலிருந்து நேரே அங்கே போனேன், சொல்லிவிடுவது என்று.

"அண்ணி, அந்த எக்ஸ்ரே..." என்று ஆரம்பித்தேன்.

"எடுத்துட்டியா? எங்க, காட்டு."

போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முழங்காலை வெகுநேரம் பார்த்தார்.

"இதப் பத்திரமா வெச்சுக்க. என்ன மாதிரி தொலைச்சுடாத" என்றார்.

சரி அண்ணி என்றேன்.