அப்பா பார்த்த இருபத்தாறு

அப்பா வெள்ளைத்துரை தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். பழைய பித்தளையை எடைக்கு எடுப்பது அவர் பொறுப்பு. ஒருநாள் எடைக்கு வந்த சொம்புக்குள் ஓர் அமெரிக்க நிக்கல் காசு கிடந்தது. ஒரு பக்கம் செவ்விந்தியர் தலை, மறுபக்கம் காட்டெருமை. சொம்பைக் கொண்டுவந்த அம்மாள், "நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்று அதில் 1926 என்று படித்ததாக அப்பா சொல்வார். காட்டெருமைக்குக் கீழே S என்ற எழுத்து. S என்றால் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை; அங்கே அந்த வருடம் அடித்தது பத்து லட்சத்துக்கும் குறைவு. சேகரிப்பவர்கள் தேடும் காசு.

நாங்கள் யாரும் காசில் அந்த வருடத்தைப் பார்த்ததில்லை. எந்த உலோகமும் மங்கலாக இருந்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை காசையும் புளி, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார். வருடம் பொறித்த இடம்தான் காசில் மேடு. அதுதான் முதலில் போனது.

"வருசமே இல்லாத காசுக்கு வருசா வருசம் பூசை" என்பாள் அம்மா.

"இருந்துச்சு, வடிவு. பொய்யா சொல்லுதேன்?" என்பார் அப்பா.

ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கேட்டதும் அதுதான். "மது, நீயாவது நம்புறியா?"

"தூங்குங்கப்பா" என்றேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும், மயிலாப்பூரில் பழங்காசு வாங்கும் அக்பர் பாஷாவிடம் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"S கீது. வருசம் காலி. யாரும்மா இப்டித் தேச்சது?"

"அப்பா."

"உங்க நைனா இத சொம்புன்னு நெனச்சாரா? பழங்காசுக்கு அழுக்குதாம்மா அழகு. ஆசிட் வெச்சா வருசம் தெரியும். ஆனா கறை நின்னுடும். அப்பால எவனும் வாங்க மாட்டான்."

நான் சர்க்யூட் போர்டு வடிவமைப்பவள். செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு வீட்டிலேயே இருந்தது. நிக்கல் காசு என்றாலும் அதில் முக்கால் பங்கு செம்புதான். அச்சு அழுத்திய இடத்தில் உலோகம் உள்ளேயும் இறுகியிருக்கும். மற்ற இடத்தைப் போல அரிக்காது. மேலே தேய்ந்தாலும் எண் அடியில் இருக்கும். அப்பா இருந்தபோதே எனக்கு இது தெரியும்.

கே.கே. நகர் வீட்டுச் சமையலறையில் ஒரு சொட்டு விட்டேன். பொறுத்திருந்து கழுவினேன். 2 தெரிந்தது. இன்னொரு சொட்டு. 6.

அம்மா காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இத அவுக இருக்கும்போதே செஞ்சிருக்கக் கூடாதாட்டி?"

எண்களைச் சுற்றிப் பழுப்பாகக் கறை நின்றிருந்தது. அம்மாவின் கை புளி டப்பாவுக்குப் போனது. மூடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.