பத்தாவது கைதட்டல்

லிஃப்ட்காரர் என்றால்தான் அவரைத் தெருவில் தெரியும். முப்பத்தாறு வருஷம் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். அதிலும் பிரேக் என்றால் உயிர். லிஃப்டுக்குள் மாட்டியிருக்கும் சோதனை அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்து தடவை ஓட்டி, பத்து தடவை நிறுத்திப் பார்ப்பார். ஒன்பது தடவை ஒழுங்காக நின்று ஒரு தடவை முரண்டு பிடித்தால் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். மேனேஜர் தலைகீழாக நின்றாலும் பேனா மூடி கழலாது.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு அறுபத்து மூன்று வயதில் பிரேக் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று. சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அந்தத் தெருவே சிரித்தது.

ஓய்வு பெற்ற நாலாம் மாதம், மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பக்கத்து ஷோரூமில் அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். உருண்டை ஹெட்லைட், கம்பி வைத்த சக்கரம், கரும்பச்சை டாங்கில் மெல்லிசாகத் தங்கக் கோடு, ஒரே நீளமாய் சீட்டு. போன வருஷம்தான் சந்தைக்கு வந்த வண்டி. ஆனால் இளவயதில் பதினோரு வருஷம் அவர் ஓட்டித் திரிந்த வண்டியை அப்படியே உரித்து வைத்திருந்தது. ஏறி உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி ஓங்கி ஓர் உதை விட்டார். உதை காற்றில் போயிற்று. அந்த வண்டியில் கிக்கரே கிடையாது, பொத்தானை அழுத்தினால் போதும்.

"வெட்கப்படாதீங்க சார். உங்க வயசுல வர்றவங்க எல்லாருமே ஒரு தடவை காத்தை உதைச்சிட்டுத்தான் வாங்குவாங்க," என்றார் விற்பனையாளர்.

வாங்கிவிட்டார்.

வாசலில் வண்டியைப் பார்த்த மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தாள். "நல்லாத்தான் இருக்கு. நீங்க ஓட்டுங்க. என்னை மட்டும் கூப்பிடாதீங்க. என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு ஏறினா இறங்க முடியாது, இறங்கினா ஏற முடியாது."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்காகத்தானே வாங்கியது! அந்தக் காலத்தில் பின்னால் உட்கார்ந்து அவர் வலது தோளில் கை வைத்துக்கொள்வாள். மேடு பள்ளம் வந்தால் அந்தக் கை ஒரு பிடி பிடிக்கும். மகள் பிறந்ததும் மூன்று பேருக்கு ஆகாது என்று அந்த வண்டியை விற்றார்கள். அதன்பிறகு எல்லாம் பஸ்தான். பஸ்ஸில் இவருக்கு முன்னால் ஓர் இடம் கிடைக்கும், அவளுக்குக் கடைசியில் ஒன்று கிடைக்கும். முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. அந்தக் கை மறுபடியும் தோளில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இந்த வயதில் இதை எந்த வாயால் சொல்வது?

மூன்றாம் நாளே வினை வந்தது. அவர் ஓட்டிய பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வருவதில் நேர்மாறு. மண்டைக்குத் தெரிகிறது, காலுக்கு யார் சொல்வது? ரொட்டிக்கடை முனையில் ஒரு பூனை குறுக்கே பாய்ந்தது. இடது கால் தன் பாட்டுக்கு ஒரே மிதி. கியர் இறங்கி, வண்டி நிற்பதற்குப் பதில் அலறிக்கொண்டு துள்ளி, 'சூடான ரொட்டி' என்று எழுதிய பலகையில் போய் முட்டியது. அவர் கீழே, பலகை அவர்மேல்.

"கூப்பிட்டிருந்தா ரொட்டியை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பேனே ஐயா," என்றபடி கைகொடுத்துத் தூக்கினார் கடைக்காரர்.

முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் சேதி மகளுக்குப் போய்விட்டது. அவள் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். அன்று சாயந்திரமே வந்து நின்றாள்.

"எங்க வார்டுக்கு உங்க வயசுல வாரம் ரெண்டு பேர் வர்றாங்கப்பா. எல்லாருக்கும் இதே மாதிரி வண்டி, எல்லாரும் இதே பூனைக் கதை."

சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஒரு மாசம் கழிச்சு வரேன். தெருமுனையில நின்னு பத்து தடவை கை தட்டுவேன். தட்டினதும் காலைக் குனிஞ்சு பார்க்காம சரியான பிரேக்கை அழுத்தணும். பத்துக்குப் பத்து. ஒன்னு தப்பினாலும் வண்டியை வித்துடலாம். சம்மதமா?"

யார் மகள்! அவரால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் பழைய லிஃப்ட் கதவு ஸ்பிரிங் ஒன்றைப் பலகையில் பொருத்தி ஒரு மிதி செய்தார். சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மிதியை வலது காலுக்கடியில் வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்திப் பழகினார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். திடீரென்று கரண்டியால் தட்டில் ஓர் அடி. டங். அவருடைய இடது கால் துள்ளியது.

"எதுக்கு இப்படிச் சத்தம் போடற?"

"கை தவறிடுச்சு."

அந்த மாதம் முழுக்க அவளுக்குத் தினமும் முப்பது தடவை கை தவறியது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கிண்ணம்கூடக் கீழே போடாதவள். காலையில் டங், அவர் பேப்பர் படிக்கும்போது டங், தூக்கம் கண்ணைச் சுற்றும் மத்தியானத்தில் டங். நாலாவது வாரம் தட்டு ஒலிப்பதற்கும் வலது கால் இறங்குவதற்கும் இடையில் ஒரு மூச்சுகூட இல்லை.

சொன்னபடி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். ரொட்டிக்கடைக்காரர் தன் புதுப் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வெளியே வந்தார். மனைவி கேட்டருகே நின்றாள்.

முதல் கைதட்டல், நின்றது. இரண்டு, மூன்று, நாலு. அலுங்காமல் குலுங்காமல் நின்றது. ஒன்பதாவதும் முடிந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டைத் தாண்டும்போது மனைவி பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தார். அந்த நேரம் பார்த்துக் கை தட்டினாள் மகள். இடது கால் போய்விட்டது. வண்டி உறுமியது. கை தானாக முன்பிரேக்கைப் பிடிக்க, வண்டி நின்றது.

"பத்து! பாஸ்!" என்றாள் மகள் தெருமுனையிலிருந்து.

யாருக்கும் தெரியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் வண்டி அவருடையது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. பிறகு சாவியை உருவிக்கொண்டு நடந்துபோய் மகளிடம் நீட்டினார்.

"ஒன்பதுதான்மா. கடைசில இடது கால் போயிடுச்சு. கையாலதான் நிறுத்தினேன்."

மகள் சாவியை வாங்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் நின்றாள். அதற்குள் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"உங்கப்பா லிஃப்டுல ஒரு தடவை தப்பினா என்ன செய்வாரு?"

"முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

"அப்ப முதல்லேர்ந்து ஆரம்பி. இந்தத் தடவை ஆளை ஏத்திக்கிட்டு. காலி லிஃப்டையே ஓட்டிப் பார்த்துக்கிட்டிருந்தா எப்படி?"

ரொட்டிக்கடைக்காரர் ஓடிப்போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதன்மேல் ஏறி, முட்டியைத் திட்டிக்கொண்டே வண்டியில் உட்கார்ந்தாள். அவருடைய வலது தோளில் கை வந்து விழுந்தது. முன்னைவிடக் கனமாக இருந்தது.

மகள் மறுபடி ஒன்றிலிருந்து தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் வண்டி நின்றது. ஒவ்வொரு தடவையும் பின்னால் தொம் என்று ஒரு சத்தமும் கேட்டது. ஐந்தாவதில் அவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய வலது கால், பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தது.

"நீ எதுக்கு அழுத்தற?"

"ஒரு மாசமா தட்டைத் தட்டினப்பல்லாம் நானும்தான் அழுத்தினேன். உங்களுக்கு மட்டும் பழக்கமாகுமா என்ன? முன்னால பாருங்க."

பத்தாவது கைதட்டல். வலது கால். தொம். வண்டி நின்றது.

"சரி, சாவி உங்களுக்குத்தான். இறங்குங்க ரெண்டு பேரும், டீ போடறேன்," என்றாள் மகள்.

தோளில் இருந்த கை நகரவில்லை.

"முட்டி வலிக்கப் போகுது," என்றார் அவர் மெதுவாக.

"இறங்கினாத்தானே வலிக்கும். நீங்க ஓட்டுங்க."